பேர் நமக்கு, பிடி யாருக்கு?

சேரிக்காரன் பேரில் ஒரு காகிதம் எழுதப்படுகிறது என்றால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: பேர் யாருக்கு, பிடி யாருக்கு? மண்வெட்டியின் மேல் யார் பேரை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பிடி எவன் கையில் இருக்கிறதோ அவன் வெட்டுகிற திசையில்தான் வாய்க்கால் போகும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர் அல்லாத எவருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பட்டா நம் பேரில். உழுதது, அறுத்தது, வேலி போட்டது, விற்றது எல்லாம் வேறு ஆள். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள்.

பஞ்சாயத்திலும் இதே கதைதான். மேலவளவில் பிடியைத் தன் கையில் எடுக்க நினைத்த தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இல் தொடங்கி 2006 வரை தனித்தொகுதித் தேர்தலை ஒழுங்காக நடக்கவே விடவில்லை. அப்படி நடந்தபோதும் தங்கள் ஆளையே நிறுத்தி, ஜெயிக்க வைத்து, கையோடு ராஜினாமாவும் எழுதி வாங்கினார்கள். இந்த ராஜினாமாவை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது இன்னொரு வேஷத்தில் வரும்.

நிலம் ஆச்சு, பஞ்சாயத்து நாற்காலி ஆச்சு. மூன்றாவதாக ஒரு காகிதம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அதன் பேர் கம்பெனி டைரக்டர் பதவி. அதை வாங்குவதா, வேண்டாமா என்பதை என் சொந்த விஷயமாக நான் நினைக்கவில்லை. நாளைக்கு நம் பிள்ளைகள் பலருக்கு இதே காகிதம் நீட்டப்படும். அதனால் பொதுவில் பேசுகிறேன்.

ஓசூரைத் தெரியாத தோழர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். 1970களில் சிப்காட் இங்கே நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை போட்டது. 1980களில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்தன. அன்றைக்கு இது தருமபுரி மாவட்டம். ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற முத்திரை இருந்தது. அந்த முத்திரைக்கு மானியம் இருந்தது, சலுகை இருந்தது. பெங்களூரின் வசதியும் வேண்டும், பின்தங்கிய மாவட்டத்தின் சலுகையும் வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற இடம் ஓசூர்தான். மாவட்டம் பின்தங்கியிருந்ததற்கான பலனைப் பின்தங்கியிருந்த மக்களா வாங்கினார்கள்? தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காலனிகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். மானியத்துக்கு ஊரின் வறுமை சர்ட்டிபிகேட்டாகப் பயன்பட்டது. ஊருக்குக் கிடைத்தது வாட்ச்மேன் வேலையும் கான்ட்ராக்ட் வேலையும்.

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2021இல் ஏதர் பெங்களூரிலிருந்து தன் தொழிற்சாலையை ஓசூருக்குக் கொண்டுவந்தது. அதே வருஷம் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழும்பியது. 2023இல் சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்கு நட்டு, போல்ட்டு, பெட்டி, மூடி செய்து கொடுக்க நாலு சின்ன ஷெட் முளைக்கும். முன்பு அந்த ஷெட்டை லேத் வைத்திருந்த ஆசாமிகள் நடத்தினார்கள். இப்போது லேப்டாப் வைத்திருக்கிற இளைஞர்கள் நடத்துகிறார்கள். அதன் பேர் ஸ்டார்ட்அப். ஆபீஸ் பெங்களூரில், ஷெட் ஓசூரில். தலை அங்கே, கை இங்கே. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் கதையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஜூஜூவாடியைத் தாண்டிப் போய் வந்தாலே விளங்கிவிடும்.

நான் ஐ.டி.ஐ. படித்த டர்னர். 24 வருஷமாக இந்த ஊரில் இரும்போடு கிடக்கிறேன். லேத், அப்புறம் டூல் ரூம், இப்போது தர ஆய்வுப் பொறுப்பு. மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கு அலுமினியப் பெட்டி செய்கிற ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. “அண்ணா, நீங்க வந்தா ஷெட்டைப் பத்தி எங்களுக்குக் கவலையே இல்லண்ணா” என்றார்கள். டைரக்டர் பதவி, இப்போது வாங்குவதை விடக் கொஞ்சம் கூடுதல் சம்பளம், கம்பெனியில் 51 விழுக்காடு பங்கு என் பேரில்.

ஐம்பத்தொன்று! 24 வருஷத்தில் எனக்கு இங்க்ரிமென்ட்டே கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. கேட்காமலே பாதிக் கம்பெனிக்கு மேல் கொடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? கூடவே மூன்று காகிதம் வந்தது. தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்று. பங்கை மாற்றிக் கொடுக்கிற படிவம், வாங்குபவர் பேர் எழுதாமல், என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு ஒன்று. எனக்குப் பதிலாக ஓட்டுப் போடுகிற அதிகாரத்தை அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிற பவர் பத்திரம் ஒன்று. “எல்லாம் ஜஸ்ட் ஃபார்மாலிட்டிண்ணா.” கீரிப்பட்டி ராஜினாமா பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு ஓசூருக்கு வந்திருக்கிறது.

அந்த 51 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும் மத்திய அரசுத் துறைகளும் வாங்குகிற பொருளில் 4 விழுக்காட்டை நம்மவர், பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் குறைந்தது 51 விழுக்காடு பங்கு நம்மவரிடம் இருக்க வேண்டும். 2015இல் பட்டியல் சாதியினருக்கான துணிகர முதலீட்டு நிதி வந்தது. 2016 முதல் 2025 வரை நடந்த ஸ்டாண்ட்அப் இந்தியாவில் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன், அங்கேயும் கம்பெனி என்றால் அதே 51. தமிழ்நாடு அரசு 2022-23இல் 30 கோடி ரூபாயில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் புத்தொழில் நிதியைத் தொடங்கியது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் பேரில் வந்த தொழில் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 விழுக்காடு மானியம், ஒன்றரைக் கோடி வரை. இவை எல்லாம் சும்மா கிடைத்ததா? கேட்டு, எழுதி, தெருவில் நின்று வாங்கியது. கொடுத்ததும் முழுசாக இல்லை. அந்த 4 விழுக்காடு கொள்முதல் பல வருஷங்கள் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அந்தக் கொஞ்சத்துக்கும்தான் இப்போது பினாமி தேடி வருகிறார்கள்.

ஏன் பெங்களூரிலேயே ஒருவரைத் தேடாமல் எல்லை தாண்டி என்னிடம் வருகிறார்கள்? சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் நின்றுவிடும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி என்பதாலேயே இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 2018இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொன்னது. ஓசூர்க் காலனிக்காரன் அத்திப்பள்ளிக்குக் குடிபோனால் கர்நாடகக் கணக்கில் அவன் பொதுப்பிரிவு. தீண்டாமை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறதா? 2018 நவம்பரில் ஓசூர் அருகே சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த நந்தீஷும் சுவாதியும் சாதி மீறிக் கல்யாணம் செய்ததற்காகக் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் வீசப்பட்டார்கள். சாதிவெறி எல்லை தாண்டி வண்டி ஓட்டிப் போகிறது, சான்றிதழ் மட்டும் செக்போஸ்ட்டில் நிற்கிறது. ஷெட் தமிழ்நாட்டில், திட்டம் தமிழ்நாட்டில், ஆகவே சான்றிதழும் தமிழ்நாட்டுச் சான்றிதழாக இருக்க வேண்டும். என் 24 வருஷ அனுபவம் அவர்களுக்குத் தேவைதான். அதைவிட என் தாசில்தார் கையெழுத்து தேவை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மாட்கள் பலர் டைரக்டர் என்றால் பெரிய மேனேஜர் என்று நினைக்கிறார்கள். இல்லை. மேனேஜர் வேலைக்காரர். டைரக்டர் கம்பெனியின் மூளை என்று சட்டம் கருதுகிறது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி சம்மதக் கடிதம் கொடுத்து, எண் வாங்கி, பதிவான பிறகு ‘எனக்கு ஒன்றும் தெரியாது, அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க’ என்று சொல்லி எளிதில் கழன்றுகொள்ள முடியாது.

மூன்று வருஷம் தொடர்ந்து கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்யவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் டைரக்டர் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்கப்பட முடியாது. 2017இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து அடித்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். டிரைவரையும் சமையல்காரரையும் டைரக்டராகப் போட்டு வைத்திருந்த கதைகள் அப்போதுதான் வெளியே வந்தன. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டுமா?

செக்கில் கையெழுத்துப் போட்டவர், செக் திரும்பினால் வழக்கில் நிற்பார். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். கம்பெனியிடமிருந்து வரியை வசூலிக்க முடியாமல் போனால் பிரைவேட் கம்பெனி டைரக்டரிடம் வசூலிக்க வழி இருக்கிறது, தன் கவனக்குறைவால் நடக்கவில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வங்கிக் கடனுக்கு டைரக்டர்களிடம் சொந்த ஜாமீன் கேட்பார்கள். கம்பெனி திவாலானாலும் ஜாமீன் போட்டவரை விடாமல் துரத்தலாம் என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மூன்று இளைஞர்களுக்கு அப்பா வீடு, மாமா வீடு, சொந்தக்காரர் நிலம் என்று பின்னால் சாய ஒரு சுவர் இருக்கிறது. எனக்கு இருப்பது இரண்டு சென்டில் ஒரு வீடு. “என்ன வேணா பண்ணு, வீட்டுப் பட்டாவை மட்டும் எங்கயும் வெச்சிடாத” என்று அக்கா சொன்னது சட்டப் புத்தகத்தைவிடத் தெளிவு.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. பிரஸ்ஸில் ஒருவன் விரல் போனால் யார் பொறுப்பு? கம்பெனி நடத்துகிற தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பாளி, ‘ஆக்குபையர்’ என்று சொல்லப்படுபவர், டைரக்டர்களில் ஒருவராகத்தான் இருக்க முடியும், மேனேஜரையோ அதிகாரியையோ காட்டித் தப்ப முடியாது என்று 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளி உயிருக்கு மேலிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற நல்ல தீர்ப்பு அது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் போய் 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டை எப்படித் திருப்புகிறார்கள் பாருங்கள். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் மூன்று டைரக்டர்கள், ஷெட்டில் நிற்கும் ஒரு டைரக்டர். பொறுப்பாளி யார்? ஷெட்டில் நிற்பவர். லாபம் மேலே போகும், வழக்கு கீழே வரும். சாக்கடைக் குழியில் யார் இறங்குவது என்று முடிவு செய்கிற அதே மூளைதான் இதையும் முடிவு செய்கிறது.

இதைச் சொன்னதும் நம் பக்கத்திலிருந்தே இரண்டு குரல்கள் வருகின்றன. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சங்கத்துத் தோழர் ஒருவர் சொன்னார்: “அது முதலாளி நாற்காலி. உட்கார்ந்தா நீயும் முதலாளிதான். கான்ட்ராக்ட் பசங்க சம்பளத்தை வெட்டற பேப்பர்ல நீ கையெழுத்துப் போடுவ.” இதில் பாதி உண்மை. தேயிலைத் தோட்டத்துக்கு நம் ஜனங்களை ஓட்டிக்கொண்டு போன கங்காணியும் அவர்களோடு தமிழ் பேசிய ஆள்தான். வெள்ளைக்காரத் துரை அடிக்க வேண்டிய அடியை அவன் அடித்தான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓசூர் ஷெட்டுகளில் நிற்கிற பையன்களுக்கு நான் கங்காணி ஆகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் தோழரின் மறுபாதியை ஏற்க முடியாது. நாம் என்றைக்கும் தொழிலாளியாகவே இருந்தால்தான் தூய்மை என்பது யார் போட்ட விதி? பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி முடிச்சுப் போட வேண்டும், தீட்டு என்றார்கள். கூலி அதிகம் உள்ள பிரிவு அது. மற்றத் தொழிலாளிகள் அதை ஒத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அன்று நெசவுக் கொட்டகை, இன்று போர்டு ரூம். 2012இல் மூன்று ஆய்வாளர்கள் நாட்டின் 1000 பெரிய கம்பெனிகளின் டைரக்டர்களைச் சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 100க்கு ஏறக்குறைய 93 பேர் முன்னேறிய சாதியினர். நம்மவரும் பழங்குடியினரும் சேர்ந்து மூன்றரைப் பேர். இதை மாற்றுவது புரட்சி இல்லை என்றால் இருக்கட்டும். மாற்றாமல் விடுவது மட்டும் புரட்சியா?

சொத்து நம் கைக்கு வருவது என்ன பொருள் என்று சாதி வெறியர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2012 நவம்பர் 7 அன்று பக்கத்துத் தருமபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளை என்ன செய்தார்கள்? பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகளை, வாங்கிய பைக்கை, பீரோவைப் பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். கூலிக்காரனாக இருந்த வரைக்கும் சும்மா இருந்தவர்களுக்கு, கான்கிரீட் கூரை போட்டதும் கண் உறுத்தியது.

இரண்டாவது குரல் என் அக்கா மகனுடையது. பி.இ. முடித்துவிட்டு அப்ரண்டிஸாக அலைகிறான். “மாமா, பவர் இல்லாட்டியும் பரவால்ல. மொதல்ல உள்ள போயிடுங்க. இந்த நாற்காலிய விட்டா அடுத்தது எப்ப வரும்?” பிள்ளையின் பசி புரிகிறது. ஆனால் பவர் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து பவர் வந்த வரலாறு நமக்கு எங்கே இருக்கிறது? 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி போய்ப் பொது வாக்காளர் தொகுதி வந்தது. உறுப்பினர் நம்மவர், தேர்ந்தெடுப்பது அவர்கள். அதிலிருந்து பிறந்த ஆட்களைப் பற்றித்தான் கன்ஷிராம் அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாம் வருஷத்தில், 1982இல், ‘சம்ச்சா யுகம்’ என்று புத்தகமே எழுதினார். சம்ச்சா என்றால் கரண்டி. இலையில் விழுவது என்ன என்பதைக் கரண்டி முடிவு செய்வதில்லை. தேதி போடாத ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டவன் கரண்டிதான், அவன் பேருக்குப் பின்னால் டைரக்டர் என்று இருந்தாலும்.

இரண்டு குரலுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? பாபாசாகேப் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர், பம்பாயில் பங்கு முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள், தொழில் படுத்தது. ஆக, சந்தைக்குச் சாதி தெரியாது என்ற பேச்சை நூறு வருஷத்துக்கு முன்பே அவர் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அதற்காக அவர் நாற்காலிகளை வெறுத்தாரா? 1942இல் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினர் பதவியை ஏற்றார். வெள்ளைக்காரன் நாற்காலிதான். அதில் உட்கார்ந்து செய்தது என்ன? வாரம் 48 மணி நேர வேலை 1946இல் சட்டமானது அங்கிருந்துதான். அப்புறம் நேரு மந்திரிசபையில் சட்ட அமைச்சர். அந்த நாற்காலியை 1951இல் தூக்கிப் போட்டார். இந்து சட்டத் தொகுப்பைக் கிடப்பில் போட்டது ஒரு காரணம். அமைச்சரவையின் முக்கியக் குழுக்கள் எதிலும் தன்னைச் சேர்க்கவில்லை என்பது இன்னொரு காரணம். பேர் தனக்கு, பிடி வேறு இடத்தில் என்று தெரிந்ததும் அவரே தேதி போட்டு, அவரே எழுதி, வெளியே வந்தார். ராஜினாமாக் கடிதம் நம் சட்டைப் பையில் இருந்தால் அது ஆயுதம். அடுத்தவன் பீரோவில் இருந்தால் அது நம் கழுத்துக் கயிறு.

இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் அந்த இளைஞர்களிடம் பேசினேன். கோபத்தோடு இல்லை, கணக்கோடு பேசினேன்.

முதல் நிபந்தனை, காகிதப் பங்கு வேண்டாம். 51 என்றால் நிஜமான 51, ஓட்டோடு, லாபத்தோடு. முடியாது என்றால் நம் மக்களுக்கான திட்டங்களை மறந்துவிடுங்கள், சின்னப் பங்காக இருந்தாலும் பதிவாகி என் பேரில் நிற்கட்டும். பின்னால் பெரிய முதலீட்டாளர் வந்து, கம்பெனி விற்றால் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வேன், மிச்சம் இருந்தால் உங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டால், அந்தக் காகிதம் கையெழுத்தாகும் முன் எனக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும்.

இரண்டாவது, தேதி போடாத ராஜினாமா, பேர் எழுதாத பங்குப் படிவம், பவர் பத்திரம் மூன்றும் கிடையாது.

மூன்றாவது, செக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று என்னுடையது. மாதக் கணக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதும் என் மேஜைக்கு வர வேண்டும். போர்டு கூட்டத்தில் நான் எதிர்த்துச் சொன்னது மினிட்ஸ் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் அந்த வரிதான் என்னைக் காப்பாற்றும்.

நான்காவது, வங்கிக்குச் சொந்த ஜாமீன் போட மாட்டேன். வீடு கம்பெனிக்குள் வராது.

ஐந்தாவது, தொழிற்சாலைக்கு நான்தான் பொறுப்பாளி என்றால், பாதுகாப்பில்லை என்று நான் சொல்கிற மெஷின் அந்த நிமிஷமே நிற்க வேண்டும். ஆர்டர் போனாலும் சரி, பெங்களூரிலிருந்து போன் வந்தாலும் சரி. இது போர்டு தீர்மானமாக எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் நான்கையும் ஒத்துக்கொண்டார்கள். 51ஐ விட்டுவிட்டு 9 விழுக்காடு பங்கு என்று பேச்சு நிற்கிறது. பரவாயில்லை, அது நேர்மையான ஒன்பது. ஐந்தாவதில்தான் சிக்கல். “அண்ணா, டெலிவரி மிஸ் ஆனா கஸ்டமர் போயிடுவான். அதை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க.” பங்கு கொடுக்க மனசு வந்தது, செக்கில் கையெழுத்து கொடுக்க மனசு வந்தது, மெஷினை நிறுத்துகிற அதிகாரம் மட்டும் கொடுக்க வரவில்லை. ஏனென்றால் பிடி அங்கேதான் இருக்கிறது. அது எழுத்தில் வராமல் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஒருவன் விரல் போனால் சிறைக்குப் போகத் தயாராக இருக்கிறேன். விரல் போகாமல் தடுக்கிற உரிமை இல்லாமல் போகத் தயாராக இல்லை.

இது தனி ஆள் சாமர்த்தியத்தால் தீருகிற விஷயம் இல்லை. எனக்கு 24 வருஷத் தொழில் இருக்கிறது, வேண்டாம் என்றால் இப்போது இருக்கிற வேலை இருக்கிறது. பேரம் பேச முடிந்தது. 25 வயதுப் பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது இது. நம் பேரில் ஒதுக்கும் பணத்தைக் கொடுக்கும் முன் சாதிச் சான்றிதழை மட்டும் பார்த்து அனுப்பாதே. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார், போர்டில் ஓட்டு யாரிடம், பக்கவாட்டு ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று பார். பங்கு ஒருவர் பேரிலும் பயன் வேறொருவருக்கும் என்றால் அதைக் கம்பெனியிடம் அறிவிக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்திலேயே விதி இருக்கிறது, அதைப் பயன்படுத்து. பினாமி பிடிபட்டால் கையெழுத்துப் போட்ட நம் பிள்ளையை மட்டும் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் இருந்தவனை விட்டுவிடாதே.

நம்மிடமும் கேட்க வேண்டியது உண்டு. வன்கொடுமை வழக்கென்றால் ஓடிவர நம்மிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். கம்பெனிக் காகிதத்தைப் படித்துச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நம்மில் ஆடிட்டர் படித்தவர்கள், கம்பெனிச் சட்டம் தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். யாருக்காவது டைரக்டர் பதவி வருகிறதென்றால் முதலில் அந்தக் காகிதக் கட்டு அங்கே வரட்டும். கூடிப் படிப்போம், பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம். அம்பேத்கர் படத்தை ஆபீஸில் மாட்டுவதைவிட இது முக்கியமான வேலை.

நாளைக்கு நம் பிள்ளை ஒருவன் விசிட்டிங் கார்டைக் கொண்டுவந்து காட்டி, டைரக்டர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். சந்தோஷப்பட்டுவிட்டு ஒன்று கேளுங்கள்: நீ நிறுத்து என்றால் அங்கே மெஷின் நிற்குமா?